கடலில்லாத மாவட்டத்துக்குக் கடல் பாடம் எதற்கு என்று கேட்டவர்களுக்கு

மதிப்புக்குரிய கல்லூரி முதல்வர் அவர்களுக்கும், விலங்கியல் பாடக்குழுவினருக்கும், நிர்வாகத்தினருக்கும்,

மூன்றாமாண்டு விலங்கியல் மாணவர்களின் கடற்கரைக் களப்பயணம் இந்த ஆண்டிலிருந்து கிடையாது என்ற உங்கள் அறிவிப்பை, உங்களிடம் படிக்கும் என் பழைய மாணவி ஒருத்தி படமெடுத்து அனுப்பினாள். அதே தாளில் இன்னும் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. முதுகெலும்பற்றவை பாடத்தில் ‘சிறு தொகுதிகள்’ (இனங்கள் குறைவாக உள்ள விலங்குப் பெரும்பிரிவுகள்) பகுதியை இனி வகுப்பில் நடத்தமாட்டீர்கள், மாணவர்கள் தாங்களே படித்துக்கொள்ள வேண்டும். அருங்காட்சியக அறை ஸ்மார்ட் வகுப்பறை ஆவதால் அங்கே உயிரினங்களைப் பதப்படுத்தி வைத்திருக்கும் ஃபார்மலின் ஜாடிகள் அகற்றப்படும். காரணங்களாக எழுதியிருப்பவை: செலவு, மாணவிகளின் பாதுகாப்பு, அப்புறம் கடலே இல்லாத மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இவை பெரிதாகப் பயன்படாது என்பது.

முதல் இரண்டையும் உட்கார்ந்து பேசித் தீர்க்கலாம். மூன்றாவதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. நான் உங்கள் கல்லூரியில் படித்தவள். இப்போது தர்மபுரி மாவட்டத்தில் பாலக்கோடு பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறேன். என்னிடம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து விலங்கியல் எடுக்க நினைக்கிற பிள்ளைகள் பெரும்பாலும் உங்களிடம்தான் வருகிறார்கள். சென்னைக்கோ கோவைக்கோ அனுப்பிப் படிக்கவைக்க அவர்கள் வீட்டில் வசதி இல்லை. நீங்கள் ஒரு கதவை மூடினால் அவர்களுக்கு வேறு கதவு கிடையாது. அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் நீக்கிய பகுதியில் உள்ள எல்லாவற்றையும் பற்றிப் பேசப்போவதில்லை. ஒரே ஒரு உயிரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: லிங்குலா. பிராக்கியோபோடா தொகுதியைச் சேர்ந்தது. பார்த்தால் சிப்பி மாதிரி இருக்கும், ஆனால் சிப்பி இல்லை. நம்மூர் ஏரியிலும் ஆற்றிலும் கிடைக்கிற மட்டியின் இரண்டு ஓடுகளும் உடம்பின் இடப்புறமும் வலப்புறமும் இருக்கின்றன. லிங்குலாவின் ஓடுகள் முதுகுப்பக்கம் ஒன்று, வயிற்றுப்பக்கம் ஒன்று. மட்டி செவுள் வழியாகத் தண்ணீரை வடிகட்டி உண்கிறது. லிங்குலாவுக்கு வாயைச் சுற்றி மெல்லிய உணரிழைகள் கொண்ட லோஃபோஃபோர் என்ற தனி உறுப்பு இருக்கிறது. ஓட்டின் பின்முனையிலிருந்து சதைப்பிடிப்பான நீண்ட காம்பு ஒன்று கிளம்புகிறது. மட்டிக்கு அப்படி எதுவும் கிடையாது. இந்தத் தொகுதியில் இன்று உயிரோடு இருப்பவை ஏறக்குறைய 400 இனங்கள். புதைபடிவங்களாகப் பெயரிடப்பட்டவை 12,000க்கும் மேல். ஒரு காலத்தில் கடல்தரை இவற்றுடையதாக இருந்தது. சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் காலத்தின் முடிவில் நடந்த பேரழிவில் பெரும்பகுதி போய்விட்டது. அந்த இடத்தைப் பிற்பாடு மட்டிகளும் சிப்பிகளும் பிடித்துக்கொண்டன.

இவ்வளவும் புத்தகத்தில் இருக்கிறது, படித்துக்கொள்ளலாம் என்பீர்கள். சரி. புத்தகத்தை வைத்து நாங்கள் படித்த லட்சணத்தைச் சொல்கிறேன்.

உங்கள் அருங்காட்சியக அறையில் லிங்குலா ஜாடி ஒன்று இருக்கிறது. உள்ளே இருப்பது வெளுத்துப்போன ஓர் ஓடும் சுருங்கிய ஒரு காம்பும். காம்பை நூலால் மூடியோடு கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அதாவது காம்பு மேலே, ஓடு கீழே. வருஷாவருஷம் செய்முறைத் தேர்வில் மாணவர்கள் அதைப் பார்த்து அப்படியே வரைந்து மதிப்பெண் வாங்கினார்கள். உயிருள்ள லிங்குலா இருப்பது நேர்மாறாக. கடலோர மணலில் செங்குத்தாக ஒரு வளை. அடியில் காம்பின் நுனி மணலைப் பிடித்துக்கொண்டு நங்கூரம் போட்டிருக்கும். ஓடு வளையின் மேல்பகுதியில், தரைக்குச் சற்றுக் கீழே இருக்கும். தலைகீழாகத் தொங்கும் ஒரு சவத்தைப் பார்த்து அதன் வாழ்க்கையை எப்படிப் புரிந்துகொள்வது? இதைச் சொல்வதால் ஜாடியைத் தூக்கிப் போடுங்கள் என்று அர்த்தமில்லை. அது பற்றிக் கடைசியில் கேட்கிறேன்.

அது நேராக நின்றதை நாங்கள் பார்த்தது பரங்கிப்பேட்டையில். சேலம், ஆத்தூர், விருத்தாசலம் வழியாக ராத்திரி முழுக்கப் பேருந்தில் போய், விடிகாலையில் வெள்ளாற்று முகத்துவாரத்தில் இறங்கினோம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் அங்கேதான் இருக்கிறது. ஆர்.வி. சேஷய்யா போன்றவர்கள் உருவாக்கி வளர்த்த இடம். இந்தியக் கடல் உயிரியலில் அந்த முகத்துவாரத்தைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு வேறு சில இடங்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள். லிங்குலாவும் அங்கே பழைய கணக்கு. அந்தக் கரையில் லிங்குலா அனாட்டினா என்ற இனம் கூட்டம்கூட்டமாகச் செத்ததைப் பற்றி 1973இலேயே ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில் ஒரு குறிப்பு வந்திருக்கிறது.

தண்ணீர் இறங்கும் நேரம் பார்த்து சேற்றுமணலில் நடக்கச் சொன்னார்கள். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. நண்டுக் குழியும் புழு மண்ணும்தான் கண்ணில் பட்டன. அப்புறம் கூட வந்த ஆய்வு மாணவர் ஒருவர் குனிந்து காட்டினார்: அருகருகே மூன்று சிறு துளைகள், ஒரே வரிசையில். அவ்வளவுதான் அடையாளம். ஓட்டின் விளிம்பில் உள்ள மயிரிழைகள் ஒன்றுசேர்ந்து மூன்று குழாய்கள் போலக் குவிகின்றன. ஓரத்து இரண்டின் வழியாகத் தண்ணீர் உள்ளே போகிறது, நடுவில் உள்ளதன் வழியாக வெளியே வருகிறது. தண்ணீரோடு வரும் நுண்ணுயிர்ப் பாசிகளை லோஃபோஃபோர் பிடித்து வாய்க்கு அனுப்புகிறது. யாரோ ஒருத்தி அவசரப்பட்டுக் காலை அருகில் வைத்தாள். இழுத்துவிட்ட ரப்பர் பேண்ட் சுருங்குவது மாதிரி அது உள்ளே போய்விட்டது. மூன்று துளையும் ஒரு குழிந்த கோடாகிவிட்டன. காம்பு சுருங்கி ஓட்டைக் கீழே இழுத்துக்கொள்கிறது என்ற வரியை நாங்கள் ஏற்கெனவே மனப்பாடம் செய்திருந்தோம். ஆனால் அந்த வேகம் எந்த வரியிலும் இல்லை.

ஒன்றே ஒன்றைத் தோண்டி எடுத்து, கடல்நீர் நிரப்பிய தட்டில் வைத்தார். பச்சையும் பழுப்புமான மெல்லிய ஓடு, விரல் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவு. காம்பு ஓட்டைவிட நீளம். இதன் உடற்குழித் திரவத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமெரித்ரின் என்ற நிறமி. ஆக்சிஜன் சேர்ந்தால் ஊதா கலந்த இளஞ்சிவப்பு ஆகும். அந்தச் சாயல் சதையில் தெரிந்தது. ஜாடியில் அது தெரிய வழியே இல்லை. பிறகு அதை ஈரமணல் நிரப்பிய தொட்டியில் விட்டு, எந்தப் பக்கமாக மண்ணுக்குள் இறங்கும் என்று எங்களைக் கேட்டார். காம்பை முதலில் விட்டுத்தான் இறங்கும் என்று எல்லோரும் சொன்னோம். அது ஓட்டை முன்னால் விட்டுத் தோண்டியது. இரண்டு ஓடுகளையும் அங்குமிங்கும் அசைத்து அசைத்துக் கீழே போய், வளைந்து திரும்பி, மறுபடி மேலே வந்து தன்னை நிமிர்த்திக்கொள்கிறது. காம்பு பின்னாலேயே இழுபட்டுப் போகிறது. முழுதாக முடிய நேரம் பிடிக்கும் என்று சொல்லி, மற்றதை மையத்தில் விளக்கினார்கள். பார்த்து முடித்ததும் அந்த உயிரை எடுத்த இடத்திலேயே விட்டோம்.

இதற்கும் நம் மாவட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்பது உங்கள் கேள்வி. அந்தக் கேள்விக்கு என் பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் உங்களைவிட நல்ல பதில் வைத்திருந்தான்.

கடைசியாகக் களப்பயணம் போய்வந்த மாணவிகளில் ஒருத்தி, பள்ளிக்கு வந்து பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பேசினாள். மட்டி ஓட்டில் நீர்த்த அமிலத்தை விட்டால் நுரை பொங்கும், அது கால்சியம் கார்பனேட். லிங்குலா ஓட்டில் அப்படிப் பொங்காது, அதன் ஓடு கால்சியம் ஃபாஸ்பேட்டால் ஆனது, நம் எலும்பும் பல்லும் மாதிரி. அதிலும் ஃப்ளோரின் கலந்த அபடைட் என்ற கனிமம் என்று சொன்னாள். ஃப்ளோரின் என்ற சொல்லைக் கேட்டதும் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளோரைடு அளவுக்கு மீறி இருப்பதால்தானே, காவிரித் தண்ணீரை மேலேற்றிக் கொடுக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர், ஃப்ளோரோசிஸ் தணிப்புத் திட்டமே வந்தது? ஜப்பானியக் கடனுதவியோடு கட்டி 2013இல் திறந்தார்கள். பல் உருவாகும் வயதில் ஃப்ளோரைடு அதிகம் போனால் எனாமல் சரியாக அமையாமல் மஞ்சளும் பழுப்புமாகக் கறை விழும், அதுதான் பல் ஃப்ளோரோசிஸ். வாயைத் திறக்காமல் சிரிக்கப் பழகிய பிள்ளைகள் என் வகுப்பில் இன்னும் இருக்கிறார்கள்.

அப்படி ஒரு பையன்தான் எழுந்து கேட்டான்: “அக்கா, நம்ம பல்ல கெடுக்கறதும் அது ஓட்டுல இருக்கறதும் ஒண்ணுதான்னா, அதுக்கு மட்டும் ஏங்க்கா ஒண்ணும் ஆகல?”

நான் இத்தனை காலம் ஃப்ளோரோசிஸ் பற்றி வகுப்பெடுத்திருக்கிறேன். சுகாதாரத் துறை சுவரொட்டியை ஒட்டியிருக்கிறேன். இப்படி ஒரு கேள்வி அந்த வகுப்பிலிருந்து வந்ததே இல்லை. கேள்வி எவ்வளவு ஆழமானது என்று நீங்களே பாருங்கள். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 1.3 மில்லிகிராம் ஃப்ளோரைடு இருக்கிறது. நம் குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் அளவு 1 மில்லிகிராம். வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 1.5 வரை. ஆக, நமக்கு எல்லைக்கோடாக இருக்கிற தண்ணீரிலேயே அந்த உயிர் வாழ்நாள் முழுக்கக் கிடக்கிறது. அதிலிருந்து ஃப்ளோரைடை எடுத்துத் தன் ஓட்டின் ஒரு பாகமாக ஆக்கிக்கொள்கிறது. அபடைட் அடுக்கும் கைட்டினும் புரதமும் கலந்த அடுக்கும் மாறிமாறி அமைந்த ஓடு அது. வளையக்கூடியது, எளிதில் உடையாது.

பையனுக்குப் பதில் சொல்வதற்காகத் தேடியபோது கிடைத்தது இன்னும் சுவாரசியம். 2015இல் ஜப்பானின் ஒக்கினாவா அறிவியல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஒரு குழு லிங்குலா அனாட்டினாவின் மரபணுத்தொகுப்பு முழுவதையும் படித்து வெளியிட்டது. சுமார் 34,000 மரபணுக்கள். முதுகெலும்பிகளில் எலும்பு உருவாக்கத்துக்குப் பயன்படும் முக்கியமான மரபணுக்கள் அதில் இல்லை. பொருள் ஏறக்குறைய ஒன்றுதான், அதைச் செய்யும் வழி வேறு. நம் எலும்பும் அதன் ஓடும் தனித்தனியாகப் பரிணமித்தவை. நமக்குப் பல் உருவாகும்போது நுட்பமாக நடக்க வேண்டிய வேலையை ஃப்ளோரைடு குலைக்கிறது. லிங்குலா ஓடு கட்டும் முறையிலோ ஃப்ளோரைடுக்கு ஆரம்பத்திலிருந்தே இடமிருக்கிறது. இதைத்தான் அவனுக்குச் சொன்னேன். இன்னொன்றும் அந்த ஆய்விலிருந்து தெரிந்தது. பாடநூல்கள் லிங்குலாவை ‘உயிருள்ள புதைபடிவம்’ என்று சொல்லி, 50 கோடி ஆண்டுகளாக மாறாதது என்று நிறுத்திவிடுகின்றன. வெளி உருவம் பழைய உறவினர்களை ஒத்திருக்கிறது, உள்ளே மரபணுக்கள் மாறிக்கொண்டேதான் வந்திருக்கின்றன. உங்கள் மாணவர்கள் இனிமேல் தாங்களே படித்துக்கொள்ளப் போகிற குறிப்பில் பழைய வரிதான் இருக்கிறது. யார் திருத்தப் போகிறார்கள்?

கடல் இல்லாத மாவட்டம் என்பதையும் கொஞ்சம் வரைபடத்தை எடுத்து வைத்துப் பார்க்கலாம். ஒகேனக்கல்லில் விழும் காவிரி மேட்டூர் தாண்டி, முக்கொம்பில் பிரிந்து, கொள்ளிடமாகிக் கடலில் சேர்வது பிச்சாவரத்துக்குத் தெற்கே, பரங்கிப்பேட்டையிலிருந்து எட்டிப்பிடிக்கும் தூரத்தில். ஓசூர் கெலவரப்பள்ளியையும் கிருஷ்ணகிரி அணையையும் சாத்தனூரையும் கடந்து போகும் தென்பெண்ணை கடலூரில் கலக்கிறது, அதே கரையில் கொஞ்சம் வடக்கே. வெள்ளாறு சேலம் பக்கத்து மலைகளில் பிறக்கிறது, நம் மாவட்டத்துக்கு அடுத்த வீடு. நம் தண்ணீர் எல்லாம் கடைசியில் போய்ச் சேரும் கரைதான் அது. கெலவரப்பள்ளி அணையில் மதகைத் திறந்தால் வெள்ளை வெளேரென்று நுரை பொங்கி விவசாயிகள் கத்துவதை நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அந்த ஆற்றின் மறுமுனையில் என்ன வாழ்கிறது என்று தெரியாதவர்களுக்கு அது வெறும் ஓசூர்ப் பிரச்சினை.

லிங்குலா போன்ற உயிர் அங்கே ஏன் முக்கியம் என்றால், அதற்கு ஓடித் தப்பிக்க வழி கிடையாது. மீன் கலங்கிய தண்ணீரை விட்டு விலகும். நண்டு நகர்ந்துவிடும். வளர்ந்த லிங்குலா ஒரு வளையில் வருஷக்கணக்கில் இருக்கிறது. உப்பு கூடினாலும் குறைந்தாலும் ஓரளவு தாங்கும், கொஞ்ச நேரம் ஓட்டை மூடிக்கொண்டு பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் நல்ல தண்ணீர் வெள்ளமாக வந்தாலோ, வண்டல் மூடினாலோ, அந்த இடத்திலேயே முடிந்தது. ஓரிடத்தில் எத்தனை இருக்கின்றன, எந்த வயதில் இருக்கின்றன என்று ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் எண்ணி வைத்தால், அந்தக் கரைக்கு என்ன ஆகிறது என்று ஓர் ஆவணம் கிடைக்கும். உங்கள் கல்லூரி தன் மாணவர்களை வைத்தே இதைச் செய்திருக்கலாம். பயணம் வெறும் சுற்றுலாவாக ஆகிவிட்டது என்று உங்களில் யாராவது நினைத்தால், அதைத் திருத்தும் வழி இதுதான். நிறுத்துவது திருத்தம் ஆகாது.

எங்கே வாழ்கிறது என்ற பாடமும் நேரில் பார்த்தால்தான் மண்டையில் ஏறுகிறது. லிங்குலா குடும்பம் வெப்பமான கடல்களில், ஏறக்குறைய வடக்கே 40 பாகைக்கும் தெற்கே 40 பாகைக்கும் இடையில், ஆழமில்லாத மென்மணலில் வாழ்வது. லிங்குலா இந்தியப் பெருங்கடலிலும் மேற்குப் பசிபிக்கிலும் பரவிக் கிடக்கிறது, மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலும் ஓர் இனம் உண்டு. அமெரிக்கக் கண்டங்களின் கரைகளில் இருப்பது அதன் உறவான க்ளாட்டிடியா. நம் நாட்டில் பரங்கிப்பேட்டை தவிர, வங்காள – ஒடிசா எல்லையில் சுவர்ணரேகா முகத்துவாரத்திலும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். அதே தொகுதியின் மற்ற உறவுகளோ பெரும்பாலும் பாறையில் ஒட்டிக்கொண்டு, குளிர்ந்த கடல்களிலும் ஆழத்திலும் இருட்டான பொந்துகளிலும் ஒதுங்கியிருக்கின்றன: நியூசிலாந்தின் குறுகிய கடல்நுழைவுகள், அண்டார்க்டிகா. இந்த வித்தியாசத்துக்குக் குஞ்சுப் பருவமும் ஒரு காரணம். லிங்குலாவின் இளம் உயிர் ஓட்டோடு கடல்நீரில் மிதந்து, தானே தின்று, வாரக்கணக்கில் நீரோட்டத்தோடு போகும். மற்றவற்றில் பலவற்றின் இளம் உயிர்கள் சில நாளில் அருகிலேயே எங்காவது ஒட்டிக்கொள்கின்றன. இதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டால் ஐந்து மதிப்பெண் கேள்வி. முகத்துவாரத்தில் தண்ணீர் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு சொன்னால் வேறு.

நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இது கூடுதலாகத் தேவை என்பேன். நாம் உட்கார்ந்திருப்பது 250 கோடி ஆண்டு வாக்கில் உறைந்த பாறையின் மேல். ஓடு வைத்த உயிர் எதுவும் உலகில் தோன்றுவதற்கு வெகு முன்னால். கிருஷ்ணகிரி கிரானைட்டை எத்தனை லாரி அறுத்து அனுப்பினாலும் ஒரு புதைபடிவம் கிடைக்காது. அரியலூர்ப் பிள்ளைக்கு வயலிலேயே டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்து ஓடுகள் கிடைக்கின்றன. அந்தப் பகுதியின் பிராக்கியோபாடுகளை, அதாவது லிங்குலாவின் தொகுதியைச் சேர்ந்தவற்றை, புதைபடிவ ஆய்வாளர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா 1872இலேயே விவரித்து எழுதிவிட்டார். இங்கே வளர்கிற பிள்ளை உயிரின் வரலாற்றைக் கையால் தொட வேண்டுமானால் ஊரைவிட்டு வெளியே போய்த்தான் ஆக வேண்டும். கடல் இல்லை என்பது பயணத்தை நிறுத்துவதற்கான காரணமில்லை. போக வேண்டியதற்கே அதுதான் காரணம்.

பயணத்துக்குப் பதிலாக நீங்கள் போட்டுக்காட்டிய காணொளியையும் அந்த மாணவியிடம் வாங்கிப் பார்த்தேன். பிராக்கியோபோடா என்று தலைப்பு. ஓடுவது முழுக்க ஏதோ வெளிநாட்டுக் கரையில் மட்டி தோண்டும் காட்சி. இரண்டு குழாய்களை நீட்டுகிற, பாதத்தை வைத்துத் தோண்டுகிற சாதாரண இருவோட்டு மெல்லுடலி. பேசுகிறவர் அதைக் காட்டி லோஃபோஃபோர் என்கிறார். வகுப்பில் இருந்த யாரும் தப்பு என்று சொல்லவில்லையாம். சொல்ல எப்படி முடியும்? அசலைப் பார்த்தவர் யாரும் இனி அந்த வகுப்பில் இருக்கப்போவதில்லையே.

செலவு, பாதுகாப்பு இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பயணச் செலவை எப்போதும் மாணவர்கள்தான் கட்டினார்கள். கல்லூரி கொடுத்தது அனுமதிக் கடிதமும் உடன்வரும் ஆசிரியர்களும். கட்ட முடியாத சிலருக்கு ஆசிரியர்களே சத்தமில்லாமல் கட்டிவிட்டதும் உங்களுக்குத் தெரியும். பாதுகாப்பைப் பொறுத்தவரை, எங்கள் பக்கத்துப் பெண் பிள்ளைகளை வீட்டில் தனியாக வெளியூர் அனுப்பமாட்டார்கள். சிலருக்குப் படிப்பு முடிவதற்குள்ளேயே மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள். கல்லூரிப் பயணம், கூட மேடம் வருகிறார்கள் என்றால்தான் அப்பா சரி என்கிறார். அவர்களில் பலர் முதன்முதலாகக் கடலைப் பார்ப்பதே அப்போதுதான். பாதுகாப்பு என்ற பெயரில் நிறுத்தினால், அவர்களுக்குக் கிடைத்த ஒரே பாதுகாப்பான பயணத்தைத்தான் நிறுத்துகிறீர்கள்.

இனி என் கோரிக்கைகள்.

களப்பயணத்தை இந்தக் கல்வியாண்டிலேயே மீண்டும் நடத்த வேண்டும். வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகு, ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில், கடல்நீர் அதிகம் இறங்கும் நாளாகப் பார்த்துத் தேதி வையுங்கள். அக்டோபர், நவம்பரில் வைத்துவிட்டு மழை என்று ரத்து செய்யும் பழக்கம் வேண்டாம். குறைந்தது இரண்டு பெண் ஆசிரியர்கள் உடன் போவதை எழுத்திலேயே உறுதிப்படுத்துங்கள். பெற்றோரிடம் பேச ஆள் வேண்டுமென்றால் என்னைப் போன்ற பள்ளி ஆசிரியர்கள் வருகிறோம். பணம் கட்ட முடியாதவர்களுக்காகப் பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு நிதி வைக்கிறோம். கல்லூரி அதற்கு ஒரு கணக்கு திறந்து, வரவுசெலவை அறிவிப்புப் பலகையில் போட்டால் போதும்.

உயிர்களை அள்ளிக்கொண்டு வந்து ஜாடியில் போடும் பழைய பழக்கத்தை இந்தப் பயணத்தோடு மறுபடி கொண்டுவர வேண்டாம். எண்ணுவது, அளப்பது, படமெடுப்பது, திரும்ப விடுவது. இதை விதியாகவே எழுதி, ஆண்டுதோறும் எண்ணியதை ஒரு பதிவேட்டில் தொடர்ந்து வையுங்கள்.

சிறு தொகுதிகள் பகுதியை வகுப்புக்கும் செய்முறைக்கும் திருப்பிக் கொண்டுவாருங்கள். அந்தக் காணொளியை உடனே நீக்குங்கள். இது ஒன்றுக்காவது கூட்டம் போட்டு முடிவெடுக்க வேண்டிய அவசியமில்லை.

ஜாடிகளை அகற்றுவதை நிறுத்தி வையுங்கள். இடம் இல்லையென்றால் எங்கள் பள்ளியில் ஒரு அறை தருவதற்குத் தலைமையாசிரியர் சம்மதித்திருக்கிறார், அதுவரை பத்திரமாக இருக்கட்டும். லிங்குலா ஜாடியில் மட்டும் காம்பு கீழே வரும்படி திருப்பிக் கட்டி, சரியான பெயர்ச்சீட்டு ஒட்டுங்கள்.

அடுத்த பாடக்குழுக் கூட்டத்தில் மாணவர் பிரதிநிதி ஒருவரையும் பழைய மாணவர் ஒருவரையும் உட்கார வைத்து இந்த மூன்று முடிவுகளையும் மறுபடி எடுத்துப் பேசுங்கள். இந்த மடலுக்கு இம்மாத இறுதிக்குள் எழுத்தில் பதில் வேண்டும். தொலைபேசியில் சமாதானம் சொல்ல வேண்டாம். பதில் வராவிட்டால் இதே கோரிக்கைகளைப் பெற்றோர், பழைய மாணவர் கையெழுத்துகளோடு உங்களுக்கு மேலே இருப்பவர்களிடம் கொண்டுபோவோம்.

இப்படிக்கு,
உங்கள் கல்லூரியின் பழைய மாணவி,
முதுகலை விலங்கியல் ஆசிரியை,
தர்மபுரி மாவட்டம்